ஓடினால் ஆறுகிறது, நின்றால் கொதிக்கிறது

கேள்வி: அண்ணா, வணக்கம். என்னிடம் ஒன்றரை டன் டீசல் பிக்கப் ஒன்று இருக்கிறது. 2017 மாடல், 1,85,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ராத்திரி ஓசூர் பக்கம் போய்த் தக்காளி, கோஸ், கொத்தமல்லி ஏற்றிக்கொண்டு விடியற்காலை 4 மணிக்குள் பெங்களூரு கலாசிப்பாளையம் மார்க்கெட்டில் இறக்குவேன். அப்புறம் அங்கிருந்தே வெங்காயம் கொஞ்சம் ஏற்றி, 8 மணிக்கு மேல் பி.டி.எம். லேஅவுட், எச்.எஸ்.ஆர். லேஅவுட் கடைகளுக்குப் போடுவேன். விடியற்காலையில் வண்டிக்கு ஒன்றுமில்லை. காலை ஓட்டத்தில் சில்க் போர்டு ஜங்ஷன் நெரிசலில் மாட்டினால் இருபது நிமிடத்தில் மீட்டர் முள் சிவப்புக்கு வந்துவிடுகிறது. நெரிசலைத் தாண்டி ஐந்து நிமிடம் ஓடினால் தானாக இறங்குகிறது. இன்ஜின் சூடானபின் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டை ஒரு மெக்கானிக் கழற்றி எடுத்துவிட்டார். சரியாகவில்லை, இப்போது விடியற்காலையில் முள் கால்வாசிக்கு மேல் ஏறுவதே இல்லை. இன்னொருவர் ஹெட் கேஸ்கட் போய்விட்டது, ஹெட்டை இறக்கணும், முப்பதாயிரம் ஆகும் என்கிறார். வாரத்துக்கு அரை லிட்டர் தண்ணீர் குறைகிறது. பைப் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். ஹெட்டை இறக்கலாமா? வண்டியின் போட்டோ இதோடு இருக்கிறது.
வாசகர், பொம்மனஹள்ளி

பதில்: தம்பி, ஹெட்டை, அதாவது சிலிண்டர்களின் மேல்மூடியை, இறக்க வேண்டாம். குறைந்தது இந்த வாரம் வேண்டாம்.

நீங்கள் எழுதியதையே திருப்பிச் சொல்கிறேன், கேளுங்கள். விடியற்காலையில் முழுப் பாரத்தோடு எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் விரட்டிக்கொண்டு வருகிறீர்கள், முள் அசையவில்லை. எட்டு மணிக்குக் கொஞ்சம் வெங்காயத்தோடு ஊர்கிறீர்கள், கொதிக்கிறது. இந்த இரண்டில் இன்ஜின் அதிகம் உழைப்பது எப்போது? விடியற்காலையில்தான். டீசல் அதிகமாக எரிவதும், சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறுவதும் அப்போதுதான். ஹெட்டுக்கு அடியில் அடைப்பாக இருக்கிற கேஸ்கட் விட்டிருந்தாலோ, ரேடியேட்டர் உள்ளுக்குள் அடைத்திருந்தாலோ, வண்டி முதலில் கத்த வேண்டிய இடம் மேம்பாலம். விடியற்காலைக் குளிர் கொஞ்சம் கைகொடுக்கும், மறுக்கவில்லை. ஆனாலும் முழுப் பாரத்தில் சும்மா வருகிற வண்டி அரைப் பாரத்தில் கொதிக்கிறதென்றால் குறைந்துபோனது ஒன்றே ஒன்று: காற்று.

ஓடும்போது ரேடியேட்டருக்குள் காற்று தானாகப் புகுந்துவிடும். ஃபேன் செத்துக் கிடந்தாலும் தெரியாது. நெரிசலில் ஊரும்போது காற்றை ஃபேன்தான் இழுக்க வேண்டும். அது இழுக்கவில்லை, அல்லது இழுக்கிற காற்று ரேடியேட்டருக்குள் போகவில்லை. உங்கள் வண்டியின் வியாதி இந்த இரண்டுக்குள் இருக்க வாய்ப்பு அதிகம்.

இதை நான் கற்றுக்கொண்டதே ஒரு தப்பு செய்துதான். 2001, வில்சன் கார்டனில் ஒரு ஷெட்டில் வேலை. எனக்கு இருபத்திரண்டு வயது, கையில் ஸ்பேனர் இருந்தால் எதையும் பிரித்துவிடலாம் என்ற திமிர். இதே கம்ப்ளெயின்டோடு ஒரு டெம்போ வந்தது. உஸ்தாத் ஊரில் இல்லை. நான் ஹெட்டை இறக்கி, அதன் அடிமுகத்தைச் சமமாகத் தேய்க்க ஃபேஸிங் கொடுத்து, புதுக் கேஸ்கட் போட்டு, இரண்டரை நாள் வேலை பார்த்து வண்டியை அனுப்பினேன். அன்று சாயங்காலமே டபுள் ரோடு சிக்னலில் கொதித்து, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். மறுநாள் உஸ்தாத் வந்தார். பானெட்டைத் திறக்கவே இல்லை. இன்ஜினை ஸ்டார்ட் செய்து நன்றாகச் சூடாகும் வரை விடச் சொன்னார். முந்தின நாள் பேப்பரில் ஒரு தாளை எடுத்துக் கிரில் முன்னால் வைத்துக் கையை எடுத்தார். தாள் வழுக்கிக்கொண்டு அவர் காலடியில் விழுந்தது. "காத்தே இல்ல. நீ தண்ணியப் பாத்துக்கிட்டு இருக்கே" என்றார். அவ்வளவுதான். ஒரு மாதம் முன்னால் ரேடியேட்டர் வேலை பார்த்த இடத்தில் ஃபேனைச் சுற்றி இருக்கும் ஷ்ரௌட் உடைந்து, போகட்டும் என்று தூக்கிப் போட்டுவிட்டிருக்கிறார்கள். டெம்போக்காரருக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தோம். என் சம்பளத்தில் இரண்டு மாதம் பிடித்தார்கள்.

அந்தப் பேப்பர் டெஸ்டை நீங்களும் செய்யுங்கள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிடுங்கள். முள் பாதியைத் தாண்டி, எப்போதும் இருப்பதைவிடக் கொஞ்சம் மேலே போகட்டும். சிவப்பு வரை விட வேண்டாம். ஒரு முழுத் தாளைக் கிரில்லுக்கு வெளியே வையுங்கள். ஃபேன் வேலை செய்தால் தாள் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டு நிற்கும். விழுந்தாலோ, ஒரு மூலை மட்டும் ஒட்டி மற்ற இடம் படபடத்தாலோ விஷயம் பிடிபட்டுவிட்டது. பானெட்டுக்குள் ஃபேன் பக்கம் கையோ தாளோ போகக் கூடாது. கழுத்தில் துண்டு போட்டிருந்தால் கழற்றி வைத்துவிட்டு நில்லுங்கள்.

எந்த மாதிரி ஃபேன் என்று நீங்கள் எழுதவில்லை. ஒன்றரை டன் டீசல் என்றால் பெரும்பாலும் இன்ஜினே பெல்ட் வழியாகச் சுற்றுகிற விஸ்கஸ் ஃபேனாகத்தான் இருக்கும். ஃபேனுக்கு நடுவே சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னதாக, வரிவரியாக அலுமினிய உருண்டை ஒன்று தெரியும், பாருங்கள். அதற்குள் கெட்டியான சிலிக்கான் எண்ணெய். ரேடியேட்டர் பக்கம் பார்க்கும் முகத்தில் சுருள் ஒன்று இருக்கும். ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சூடானால் அந்தச் சுருள் திரும்பி உள்ளே ஒரு வாசலைத் திறக்கும். எண்ணெய் வந்து நிறைந்து ஃபேனைப் பிடித்துச் சுற்றவைக்கும். காற்று ஆறினால் வாசல் மூடி, பிடி தளர்ந்துவிடும். அந்த எண்ணெய் கசிந்து போய்விட்டால் ஃபேன் சுற்றுவது போலத்தான் தெரியும். ஆனால் வெறும் சுற்றல். காற்றை இழுக்கத் தெம்பு இருக்காது. நின்று பார்க்கிற மெக்கானிக், ஃபேன் ஓடுதே என்று தாண்டிப் போவது இங்கேதான்.

இதைக் கையாலேயே கண்டுபிடிக்கலாம். சாயங்காலம் வண்டி எடுக்கும் முன், இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஃபேனைக் கையால் ஒரு தள்ளு தள்ளுங்கள். தேனுக்குள் கரண்டியைச் சுற்றுவது போல ஒரு கனம் இருக்க வேண்டும். ஒரு சுற்றுக்குள் நின்றுவிட வேண்டும். சைக்கிள் பெடலைத் தட்டிவிட்ட மாதிரி மூன்று நான்கு சுற்று சுற்றினால் உள்ளே எண்ணெய் இல்லை. அப்புறம் இறக்கையின் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் பேரிங்கும் போச்சு. சுருள் இருக்கிற முகத்தில் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கருப்புக் கோடுகளாய்த் தூசி ஒட்டிப் பிசுபிசுத்தால், எண்ணெய் கசிந்த தடம் அதுதான்.

காதுக்கும் ஒரு டெஸ்ட் உண்டு. நல்ல விஸ்கஸ் ஃபேன், ஆறின இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் ஹோவென்று இரைந்து, அப்புறம் அடங்கும். இன்ஜின் நன்றாகச் சூடானதும் மறுபடி இரையும். உங்கள் வண்டி சில்க் போர்டில் கொதிக்கும்போது அந்த இரைச்சல் கேட்கிறதா? பக்கத்தில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தாலும் அந்தச் சத்தம் டிரைவருக்குத் தெரியும். பாரம் ஏற்றிய லாரி பின்னால் வருகிற மாதிரி இருக்கும்.

இன்னொன்று. நெரிசலில் முள் ஏறத் தொடங்கியதும் நியூட்ரலில் போட்டு ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்து ஒரு நிமிடம் 1,500 ஆர்.பி.எம்.மில் பிடியுங்கள். முள் இறங்கினால் ஃபேன் ஓரளவு பிடிக்கிறது என்று அர்த்தம். அப்போது ரேடியேட்டர் முகத்தையும், பெல்ட்டையும், வாட்டர் பம்ப்பையும் பார்க்க வேண்டும். இறங்காமல் இன்னும் ஏறினால் பெரும்பாலும் விஸ்கஸ்தான்.

விஸ்கஸ் என்று முடிவானால் புதிதாகவே போடுங்கள். ஊசி வைத்து எண்ணெய் ஏற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். பேரிங் ஆடாத யூனிட்டில் சில மாதம் ஓடும், மறுக்க மாட்டேன். ஃபேனை போல்ட் அடித்து இறுக்கி லாக் செய்துவிடுவதும் நடக்கிறது. அதைச் செய்யாதீர்கள். மேம்பாலத்தில் தேவையே இல்லாத நேரத்திலும் ஃபேன் முழு வேகத்தில் சுற்றும். டீசல் போகும், வாட்டர் பம்ப் பேரிங் சாகும், இறக்கை தெறித்தால் ரேடியேட்டரையே கிழிக்கும். ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க ஜே.சி. ரோடுக்குப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய் அளவு, போல்ட் துளை, சுருள் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். கடையில் படுக்கப் போட்டு வருடக்கணக்கில் கிடந்த யூனிட் வேண்டாம். நிமிர்த்தி வைத்திருந்ததுதான் நல்லது, படுத்தால் எண்ணெய் கசியும். கழற்றும்போது அந்தப் பெரிய நட்டு சில வண்டிகளில் இடப்பக்க மரையாக இருக்கும், வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் தளரும். இறுக்குகிறோமா தளர்த்துகிறோமா என்று தெரியாமல் சுத்தியல் போட்டு உடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எலக்ட்ரிக் ஃபேன் என்றால் வேலை இன்னும் சுலபம். ஃபியூஸ், ரிலே, கனெக்டர் பாருங்கள். மோட்டாருக்கு நேராக பேட்டரி கொடுத்துச் சுற்றுகிறதா, சரியான திசையில் சுற்றுகிறதா என்று பாருங்கள். இன்ஜின் நிறுத்தியிருந்தாலும் அது திடீரென்று சுற்ற ஆரம்பிக்கும், விரல் ஜாக்கிரதை.

ஃபேன் நன்றாக இருக்கிறது, தாள் மட்டும் சரியாக ஒட்டவில்லை என்றால் ஷ்ரௌட்டைப் பாருங்கள். ஃபேனைச் சுற்றிக் கூடை மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் மூடி. பார்க்க வெட்டியாக இருக்கும். அது இல்லையென்றால் ஃபேன் தனக்கு நேரே இருக்கிற வட்டத்தில் மட்டும் காற்று இழுக்கும். ரேடியேட்டரின் நான்கு மூலையும் சும்மா கிடக்கும். அதைவிட மோசம், பின்னால் இன்ஜின் பக்கம் தள்ளிய சூடான காற்றே சுற்றிக்கொண்டு திரும்ப முன்னால் வரும். ஷ்ரௌட் உடைந்து கம்பியால் கட்டியிருக்கிறதா, ஓரத்து ரப்பர் பட்டைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இப்போது ரேடியேட்டர் முகம். உங்கள் வேலையை வைத்துச் சொல்கிறேன், இங்கே எனக்குச் சந்தேகம் நிறைய. ஏசி உள்ள டர்போ டீசல் வண்டியில் முன்னால் ஏசி கண்டென்சர், டர்போ தள்ளும் காற்றை ஆற்றுகிற இன்டர்கூலர், அவற்றுக்குப் பின்னால் ரேடியேட்டர் என்று ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். ஏசி இல்லாவிட்டாலும் இன்டர்கூலர் இருக்கும். முன்னால் நின்று டார்ச் அடித்தால் முதல் ஜாலி, அதாவது மெல்லிய தகட்டு வலை, மட்டும்தான் தெரியும், அது சுத்தமாகவே தெரியும். அழுக்கு இருப்பது இரண்டுக்கும் நடுவே. போன வருடம் இதே மாதிரி ஒரு காய்கறி வண்டியில் ரேடியேட்டரைத் தனியாக இறக்கியபோது நடுவில் கம்பளி மாதிரி ஒரு படலம் இருந்தது. கையால் ஓரத்தைப் பிடித்து உரித்தேன், முழுசாக வந்தது. வெங்காயச் சருகு, ஈசல் இறக்கை, பிளாஸ்டிக் கவர்த் துண்டு, எல்லாவற்றையும் ஒட்டிப் பிடித்தபடி சிமெண்ட் தூசி. மார்க்கெட்டில் வெங்காய மூட்டை இறக்கும் இடத்தில் இன்ஜினை ஓடவிட்டு நிற்பீர்கள் இல்லையா? அந்தச் சருகையெல்லாம் உங்கள் ஃபேன்தான் இழுத்து உள்ளே ஒட்டுகிறது. ஓசூர் ரோட்டில் மெட்ரோ வேலை நடந்த வருடங்களில் தினமும் ஓடிய வண்டி என்றால் தூசிக்கும் பஞ்சமிருக்காது.

கழுவும்போது வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை நேரே காட்டாதீர்கள். ஜாலி மடங்கிப் படுத்துவிடும், பின்பு காற்று போக வழியே இருக்காது. ரேடியேட்டரை இறக்கி, இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாக, அதாவது அழுக்கு வந்த வழியே திரும்பிப் போகிற மாதிரி, சாதாரணக் குழாய்த் தண்ணீரை விடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சோப்புத் தண்ணீர் அடித்துக் கொஞ்சம் ஊறவிடுங்கள். மடங்கிய ஜாலியை ஒரு மெல்லிய தகடு வைத்துப் பொறுமையாக நிமிர்த்தலாம். அரை நாள் வேலை. என் கணிப்பில் உங்கள் பிரச்சினையில் பாதி அங்கேயே தீரும்.

இனி அந்தப் பைப் தண்ணீர். இதில் உங்களைத் திட்டத்தான் வேண்டும். உங்கள் குழாயில் வருவது போர்வெல் தண்ணீராக இருக்கலாம். வீட்டில் கெட்டில் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதே படிவு இன்ஜினுக்குள்ளும் படியும். அலுமினிய ஹெட்டை அரிக்கும். இன்னொரு சங்கதி: பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்குக் காத்திருக்காது, 97 வாக்கிலேயே கொதித்துவிடும். அதைக் கொதிக்கவிடாமல் அழுத்தி வைத்திருப்பது ரேடியேட்டர் மூடிதான். மூடியின் தலையில் 0.9 (பார்) என்றோ 13 (பி.எஸ்.ஐ.) என்றோ அழுத்த அளவு போட்டிருக்கும். அந்த அழுத்தம் சரியாக நின்றால் கொதிநிலை இருபது டிகிரி வாக்கில் உயரும். ரப்பர் வெடித்து, ஸ்பிரிங் தளர்ந்த மூடி என்றால் அந்த இருபது டிகிரியும் போச்சு. கொஞ்சம் சூடானாலே கொதித்து ரிசர்வ் பாட்டிலுக்குத் தள்ளி, அங்கிருந்து ரோட்டில் கொட்டிவிடும். உங்கள் வாராந்திர அரை லிட்டர் போகிற வழி இதுவாகவே இருக்கலாம். இன்ஜின் ஆறியபின் மேல் ஹோஸ் உறிஞ்சிய ஸ்ட்ரா மாதிரி ஒட்டிக் கிடந்தாலும் மூடிதான் குற்றவாளி. சில நூறு ரூபாய்ச் சாமான், யோசிக்காமல் மாற்றுங்கள். வண்டிக்குச் சொன்ன அதே அழுத்தம் உள்ளதை வாங்குங்கள். அதிக அழுத்தம் போட்டால் இன்னும் நல்லது என்று சொல்கிற கடைக்காரரிடம் வாங்காதீர்கள், ஹோஸ் வெடிக்கும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டவர் நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார், தலைமுறையாகச் செய்கிற வைத்தியம். ஆனால் பாருங்கள், அதன் பலன் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: விடியற்காலையில் முள் கால்வாசியைத் தாண்டுவதில்லை. இன்ஜின் சூடாக வேண்டிய அளவுக்குச் சூடாகவில்லை. டீசல் கூடுதலாகக் குடிக்கும், ஆயில் சீக்கிரம் கெடும், சிலிண்டர் தேயும். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு ஒரு பைபாஸ் வழியை மூடும். தெர்மோஸ்டாட்டே இல்லையென்றால் அந்த வழி எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். சூட்டைக் குறைக்கச் செய்த வேலை நெரிசலில் சூட்டைக் கூட்டியும் விடலாம். புதியதைப் போடுங்கள். போடும் முன் வீட்டு அடுப்பில் சோதித்துவிடுங்கள். பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மோமீட்டரையும் வைத்துச் சூடாக்குங்கள். அதன் மேல் 82 என்று அடித்திருந்தால் அந்த அளவில் வாய் திறக்கத் தொடங்க வேண்டும். வீட்டில் திட்டு விழாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

பைப் தண்ணீருக்குப் பதிலாகக் கூலண்ட் ஊற்றுங்கள். ஊற்றும் முன் பழைய தண்ணீரை முழுக்க வடித்து, சுத்தத் தண்ணீர் விட்டு, இன்ஜினைச் சற்று ஓட்டி, மறுபடி வடியுங்கள். தெளிவாக வரும் வரை. ஆசிட் ஊற்றிக் கழுவித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். ரெடிமிக்ஸ் கூலண்ட் வாங்கினால் அப்படியே ஊற்றலாம். கெட்டியானது என்றால் டிஸ்டில்டு வாட்டரில் பாதிக்குப் பாதி. நிறத்தைப் பார்த்து வாங்க வேண்டாம், வண்டிப் புத்தகத்தில் சொன்ன வகையைக் கேளுங்கள். ஊற்றிய பிறகு காற்றை வெளியேற்றுவதுதான் முக்கியம். முன்சக்கரம் மேடாக இருக்கும்படி நிறுத்தி, ஹீட்டரைத் திறந்து, மூடி இல்லாமல் ஆறின இன்ஜினை ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விடுங்கள். குமிழ் வருவது நிற்கட்டும், அளவு இறங்கினால் நிரப்புங்கள். காற்று உள்ளே மாட்டினால் எல்லாம் புதிதாகப் போட்டும் வண்டி கொதிக்கும், நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். வடித்த கூலண்டைத் தெருவில் விடாதீர்கள். இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் செத்துவிடும்.

ஃபேன் பெல்ட் வழவழவென்று மின்னினால் வழுக்குகிறது, மாற்றுங்கள். வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அங்கே ஈரமோ காய்ந்த தடமோ தெரிந்தால் பம்ப்பும் சேர்த்து. மீட்டரே பொய் சொல்கிறதா என்று பார்க்க, ஹெட்லைட்டைப் போடுங்கள். முள் சட்டென்று ஏறினால் எர்த் கோளாறு, இன்ஜின் சூடே இல்லை. ஓட்டம் முடிந்ததும் நாலு சக்கரத்தின் பக்கமும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதுவும் இன்ஜினுக்குச் சுமைதான்.

சரி, ஹெட் கேஸ்கட்டுக்கு வருவோம். நான் இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. இத்தனை நாள் சிவப்பு வரை போன இன்ஜினில் கேஸ்கட் அடி வாங்கியிருக்கலாம். ஆனால் அதைப் பிரிக்காமலே பார்க்க வழி இருக்கிறது. ராத்திரி முழுக்க ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஆரம்பத்தில் இரண்டொரு குமிழ் வரும், அது பரவாயில்லை. சோடா பாட்டில் மாதிரி நிற்காமல் வந்தால் சந்தேகம். மூடியை மாட்டி ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள், இன்ஜின் இன்னும் சூடாகாதபோதே, மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகினால் சிலிண்டர் அழுத்தம் தண்ணீருக்குள் போகிறது. ஆயில் ஸ்டிக்கில் மோர் மாதிரி வெளுத்திருக்கிறதா, சைலன்சரில் இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா, பாருங்கள். ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீலத் திரவ டெஸ்டர் ஒன்று உண்டு. எரிந்த வாயு கலந்தால் நிறம் மாறும். முப்பதாயிரம் சொன்னவரிடம், அண்ணா, அதை வைத்து ஒரு தடவை காட்டுங்கள் என்று கேளுங்கள். நிறம் மாறினால் அவர் சொன்னதுதான் சரி, நானே ஹெட்டை இறக்குங்கள் என்பேன். காட்ட முடியாது, என் அனுபவத்தில் சொல்கிறேன் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

இதெல்லாம் முடியும் வரை சில்க் போர்டைத் தாண்டத்தான் வேண்டும், வேறு வழியில்லை. முள் ஏறத் தொடங்கியதும் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுசாகத் திறந்து, ஜன்னலை இறக்கிவிடுங்கள். காலில் அனல் அடிக்கும், வியர்த்துக் கொட்டும். ஆனால் அது ஒரு சின்ன ரேடியேட்டர் கூடுதலாக வேலை செய்கிற மாதிரி. அரைக் கிளட்ச்சில் அங்குலம் அங்குலமாக நகராதீர்கள். முன்னால் இரண்டு வண்டி நீளம் இடம் விழட்டும், அப்புறம் ஒரேயடியாக நகருங்கள். பின்னால் ஹாரன் அடிப்பவர் அடித்துக்கொள்ளட்டும். பஸ் வாலை ஒட்டி நிற்க வேண்டாம், அதன் சூடெல்லாம் உங்கள் கிரில்லுக்குத்தான் வரும். முள் சிவப்பைத் தொட்டுவிட்டால் இடப்பக்கம் ஒதுங்கி விடுங்கள். ஆவி தெரியவில்லை என்றால் நியூட்ரலில் லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்து ஒரு நிமிடம் பாருங்கள். ஆவி தெரிந்தால், அல்லது முள் இறங்க மறுத்தால், உடனே நிறுத்திவிடுங்கள். முக்கால் மணி நேரத்துக்கு மூடியில் கை வைக்கக் கூடாது. கொதிக்கிற இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றவும் கூடாது, ஹெட் வெடிக்கும். மூடி விஷயத்தில் நான் சொல்வதைக் கேட்பதைவிட என் இடது முழங்கையைப் பார்த்தால் போதும். இருபது வருடமாகியும் அந்த இடத்தில் முடி முளைக்கவில்லை.

இவ்வளவும் எழுதி முடித்த பிறகுதான் உங்கள் போட்டோவை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். முன் கிரில்லில் பாதியை மறைத்துக்கொண்டு அம்மன் படத்தோடு ஒரு ஃபிளெக்ஸ் போர்டு, அதன் கீழே ஆயுத பூஜை மாலை காய்ந்து சருகாகித் தொங்குகிறது. பேப்பர் டெஸ்டுக்கு முன்னால், இன்று ராத்திரி ஓசூர் புறப்படும் முன்பே, அந்தப் போர்டைக் கழற்றிக் கேபின் கூரைமேல் கட்டிவிடுங்கள். அம்மன் உயரத்தில் இருந்தால் எல்லாருக்கும் தெரிவாள், வண்டிக்கும் மூச்சு வரும்.